கால் மாற்றி நொண்டும் நாய்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மணி முந்தாநாள் முன்னங்காலைத் தூக்கியது, இன்று பின்னங்காலைத் தாங்குகிறது, உடம்பும் சுடுகிறது என்று எழுதியிருந்தாய். வரப்பில் கருவமுள் குத்தியிருக்கும் என்கிறாராம் தாத்தா. முள் குத்திய நாய் அந்த ஒரு காலைத்தான் நொண்டும். கால் மாற்றி நொண்டி, காய்ச்சலும் கண்டால் மூட்டுகளைச் சந்தேகப்பட வேண்டும். முன்னங்கால் மணிக்கட்டையும் பின்னங்கால் குதிமூட்டையும் மெல்லத் தொட்டுப் பார், வீங்கியிருக்கலாம். வீக்கமே தெரியாமல், படுத்த இடத்தைவிட்டு எழ மறுக்கும் நாய்களும் உண்டு.

இது தன்னெதிர்ப்பு மூட்டழற்சியாக இருக்கக்கூடும். களத்து நெல்லுக்குக் காவல் வைத்த ஆள் வீட்டுக்காரரையே அடிப்பதுபோல, நோயெதிர்ப்பு ஆற்றல் சொந்த மூட்டையே தாக்குகிறது. மனிதருக்கு வரும் முடக்குவாதம் எலும்பை அரிக்கும். நாய்களில் பெரும்பாலும் அந்த அரிப்பு இருப்பதில்லை. அதனால் மணி பழையபடி ஓட நல்ல வாய்ப்பு உண்டு.

ஆனால் நம் பக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா காய்ச்சலிலும் மூட்டு வீங்கும். 1935இல் அல்ஜீரியாவில் கண்டறியப்பட்ட இந்த நோய், 1944லேயே தென்னிந்தியாவில் பதிவாகிவிட்டது. அதற்கு மருந்து டாக்சிசைக்ளின். தன்னெதிர்ப்பு நோய்க்கோ எதிர்ப்பு ஆற்றலை அடக்கும் பிரெட்னிசலோன். உள்ளே கிருமி இருக்கும்போது எதிர்ப்பை அடக்கினால் கிருமிக்குக் கொண்டாட்டம். ஆகவே முதலில் ரத்தப் பரிசோதனை. பிறகு ஊசியால் மூட்டு நீரை எடுத்துப் பார்ப்பார்கள். அதில் வெள்ளணுக்கள் குவிந்திருந்து, கிருமியும் வேறு காரணமும் இல்லையென்றால்தான் தன்னெதிர்ப்பு என்று முடிவுசெய்வார்கள்.

பிரெட்னிசலோன் தொடங்கினால் பல நாய்கள் சில நாளிலேயே எழுந்து நடக்கும். அப்போதுதான் வீட்டார் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், நோயும் திரும்பிவிடும். மருத்துவர் சொன்னபடி மாதக்கணக்கில், படிப்படியாகத்தான் அளவைக் குறைக்க வேண்டும். இடையில் மணி நிறையத் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், பசிக்கு அலையும். பயப்படாதே, அது மருந்தின் விளைவு. தாத்தாவின் மூட்டுவலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதே. அது பிரெட்னிசலோனோடு சேர்ந்தால் குடல் புண்ணாகி ரத்தம் கசியும்.

ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. நாளைக் காலையிலேயே மணியை அங்கே கூட்டிப்போ. எந்த நாள் எந்தக் கால் நொண்டியது என்று எழுதி வைத்த தாளையும் மறக்காமல் எடுத்துக்கொள். மருத்துவருக்கு அது பெரிய உதவி.

அன்புடன்,
உன் மாமா