மறைத்தது அழிந்ததல்ல: ஸ்லைடுகளைச் சுத்தம் செய்யும் ஒரு சின்ன மேக்ரோ

இந்த மாதக் கணினிப் பாடம் நம்ம கிளைச் செயலாளர்களுக்கு ரொம்ப உதவும்.

புதுசா செயலாளர் ஆனதும் கைக்கு வர்றது போன வருஷ ஆண்டறிக்கையின் பவர்பாயிண்ட் கோப்புதான். வேண்டாத ஸ்லைடுகளை யாரும் அழிக்க மாட்டோம். "பிறகு தேவைப்படும்"னு 'ஹைட் ஸ்லைடு' அமுக்கி மறைச்சிடுவோம். நாலு வருஷத்துல கோப்பு பாதி அப்படித்தான் நிரம்பும்.

இதுல என்ன ஆபத்து? கல்வி உதவி வாங்கின மாணவர்களின் பெயர், குடும்ப வருமானம், ஐசி எண் எல்லாம் அந்த மறைந்த ஸ்லைடுகளில் இருக்கலாம். மேடையில் காட்டும்போது தெரியாது. ஆனால் கோப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டால், கணினியில் திறக்கிற எவரும் இடது பக்கத்தில் அவற்றை மங்கலாகப் பார்க்கலாம். எண்ணின் மேல் ஒரு கோடு இருக்கும், அவ்வளவுதான். நம்ம ஐசி எண்ணில் 12 இலக்கங்கள். முதல் 6 பிறந்த தேதி, அடுத்த 2 பிறந்த இடம், கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஒரு குடும்பம் நம்மை நம்பிச் சொன்ன விவரம் அது.

பவர்பாயிண்டில் 'இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்' என்ற வசதி உண்டு. கருத்துகள், பேச்சுக் குறிப்புகள், எழுதியவர் பெயர் இவற்றை நீக்கும். மறைத்த ஸ்லைடுகளை அது நீக்காது. பத்து ஸ்லைடு என்றால் கையால் அழிக்கலாம். நூறு ஸ்லைடு என்றால் கண்ணுக்கு ஒன்றிரண்டு தப்பிடும். அதனால மேக்ரோ எழுதுவோம்.

முதல் வேலை, கோப்பை 'சேவ் அஸ்' கொடுத்து வேறு பெயரில் ஒரு நகல் எடுங்க. எல்லாம் அந்த நகலில்தான்.

இரண்டாவது, விண்டோஸ் கணினியில் ஆல்ட், எஃப்11 இரண்டையும் சேர்த்து அமுக்கி, 'இன்சர்ட்' பட்டியலில் 'மாடியூல்' திறங்க. கைப்பேசியில் மேக்ரோ ஓடாது.

மூன்றாவது, உடனே அழிக்காதீங்க. மறைந்த ஸ்லைடுகளின் எண்களை மட்டும் வரிசையாக அச்சிடும் மேக்ரோவை முதலில் எழுதுங்க. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் 'ஸ்லைடுஷோ டிரான்சிஷன்' என்ற பகுதியும், அதற்குள் 'ஹிடன்' என்ற பண்பும் இருக்கு. அது 'ட்ரூ' என்றால் ஸ்லைடு மறைந்தது. வந்த பட்டியலைக் கண்ணால் பாருங்க. புதிர்ப்போட்டிக் கோப்பில் விடைகளை மறைத்து, கேள்வியிலிருந்து இணைப்புக் கொடுத்திருப்பாங்க. அதையும் அழிச்சா இணைப்பு அறுந்து போகும். எதை வைப்பது என்று முடிவு செய்ய மனுஷன்தான் வேணும். வைக்க வேண்டியதை 'அன்ஹைட்' பண்ணிடுங்க.

நான்காவதுதான் பாடத்தின் உயிர். அழிக்கும் மேக்ரோ கடைசி ஸ்லைடிலிருந்து முதல் ஸ்லைடுக்குப் பின்னோக்கி வரணும். ஏன்? 10 ஸ்லைடில் 4, 5 இரண்டும் மறைந்தவை என்று வைங்க. முன்னிருந்து எண்ணினால் 4 அழியும். உடனே பழைய 5, நாலாம் இடத்துக்கு நகரும். எண்ணிக்கை ஐந்துக்குப் போயிடும். அங்கே இருப்பது பழைய 6. பழைய 5 பத்திரமாகத் தப்பிச்சிடும்! கடைசியில் பத்தாம் ஸ்லைடைத் தேடி, அது இல்லாததால் மேக்ரோ பிழை காட்டி நிற்கும். பின்னிருந்து வந்தால், அழிப்பதால் நகர்கிறவை எல்லாம் நாம் ஏற்கனவே பார்த்து முடித்தவை. சுழற்சியை மொத்த எண்ணிக்கையில் தொடங்கி, 'ஸ்டெப் மைனஸ் 1' கொடுத்து, 1-ல் முடிங்க. உள்ளே ஒரே கேள்வி: 'ஹிடன்' ட்ரூவா? ஆமாம் என்றால் 'டெலிட்'.

ஐந்தாவது, பட்டியல் மேக்ரோவை மறுபடி ஓட்டுங்க. ஒரு எண்ணும் வரக் கூடாது. பிறகு 'இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்' ஓட்டி, பேச்சுக் குறிப்புகளையும் எடுத்திடுங்க. சேமிக்கும்போது மேக்ரோ இல்லாமல் சேமிக்கவான்னு கேட்கும். 'எஸ்' கொடுங்க. பிடிஎஃப் ஆக்கி அனுப்புறவங்க, 'மறைந்த ஸ்லைடுகளையும் சேர்' என்ற கட்டத்தில் டிக் இருக்கான்னு பாருங்க.

மூலக் கோப்பையும் மறக்காதீங்க. அது கிளையின் பொதுப் பென்டிரைவில் கிடக்கக் கூடாது. பொறுப்பாளர் ஒருவரிடம் பாஸ்வேர்டுடன் இருக்கட்டும். தேவை முடிந்ததும் அதையும் அழிச்சிடலாம்.

பயிற்சி: 12 ஸ்லைடில் 3, 4, 5 மறைந்தவை. முன்னிருந்து அழித்தால் எது தப்பிக்கும்? தாளில் கட்டம் போட்டுப் பார்த்துட்டு, பிறகு விடையைப் படிங்க.

விடை: 4.