துணைநின்ற கை

நாமக்கல் நகரின் புறத்தே லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் பல உள்ளன. வெறும் அடிச்சட்டமும் எஞ்சினும் சக்கரமுமாக வந்து நிற்கும் வண்டி, சில வாரங்களில் மரமும் தகடும் வண்ணமும் பெற்று, முழுவுருவுடன் வெளியேறும். அத்தகைய பட்டறையொன்றின் வாயிலில் ஒருநாள் மாலை நெடுநேரம் நின்றிருந்தேன். இளைஞன் ஒருவன் தகட்டில் துளையிட்டுக் கொண்டிருந்தான். முதிய மேஸ்திரி அருகில் வந்தார். துளையின் ஓரத்தை விரல் நுனியால் ஒருமுறை தடவினார். "தம்பி, பிசிறு நிற்கிறது, எடுத்துவிட்டு ஆணியை அடி" என்று மட்டும் சொல்லி அகன்றார். கண்ணுக்குத் தோன்றாத குற்றம் விரலுக்குத் தோன்றிவிட்டது. அவ்விரல் அறிந்ததை எந்த நூலில் எழுதி வைப்பது?

மாணவர்களே! இவ்வாறு லாரியைக் கட்டுவது போலவே ஆகாய விமானத்தையும் தம் வீட்டுக் கொட்டகையில் கட்டுவோர் உலகில் உளர் என்றால் நீங்கள் வியப்படைவீர்கள். மேலைநாடுகளில் சிறு விமானங்களின் உறுப்புகளைப் பெட்டிகளில் அடுக்கி விற்கும் நிறுவனங்கள் பல உண்டு. தகடு, குழாய், ஆணி, வரைபடம், விளக்கநூல் ஆகிய அனைத்தும் அவற்றுள் இருக்கும். வாங்கியவர் ஓய்வு நேரங்களில் அவற்றைப் பொருத்துவார். இருவர் அமரத்தக்க உலோக விமானமொன்றை முடிக்க 1500 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அஃதாவது, மாலைப்பொழுதுகளையும் விடுமுறை நாட்களையும் சில ஆண்டுகள் ஈடுவைக்க வேண்டும்.

விளக்கநூல் தெளிவாகவே இருக்கும். ஆயினும் நூலைக் கையில் பிடித்தவனுக்கும் கருவியைக் கையில் பிடித்தவனுக்கும் இடையே ஓர் அகழி உண்டு. அலுமினியத் தகடுகளை இணைக்கும் தறையாணியை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் இதனை ரிவிட்டு என்பர். ஒரு சிறு விமானத்தில் 10,000-க்கும் மேற்பட்ட தறையாணிகள் இருக்கக்கூடும். துளையின் பிசிறை நீக்க வேண்டும். தகட்டின் விளிம்பிலிருந்து துளையின் மையம் ஆணிக்குறுக்களவைப் போல் இருமடங்கேனும் தள்ளியிருத்தல் வேண்டும். அடித்தபின் மறுபுறம் உருவாகும் தலை, ஆணியின் குறுக்களவைப் போல் ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும் கொண்டிருத்தல் வேண்டும். இவையாவும் நூலில் உள. ஆனால் ஒருபுறம் சுத்தியல் அதிரும்போது மறுபுறம் கனத்த இரும்புக் கட்டையை எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்பதைக் கை கண்டுதான் அறியவேண்டும். அடிப்பவர் ஒருவரும் தாங்குபவர் ஒருவருமாக இருவர் செய்யும் வேலை இது. தாங்குபவர் பழகியவராயின், அடிப்பவர் ஒரு பொழுதில் கற்றுக்கொள்வார். இருவரும் புதியவராயின், தகடு நெளியும்.

நெளிந்த தகடாவது கண்ணுக்குத் தெரியும். அதனினும் அஞ்சத்தக்கது மூடப்பட்ட குற்றம். சிறகின் உட்சட்டங்களைப் பொருத்தி மேல்தகட்டை அடித்துவிட்டால், உள்ளே தளர்ந்த திருகு எது, பூட்டுக்கம்பி இடாத மரை எது என்று பின்னர் எவராலும் எளிதில் காண முடியாது. ஆதலின் அனுபவமிக்க கட்டுநர்கள், சிறகை மூடுமுன் வல்லுநர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து, உட்புறம் முழுவதையும் காட்டிவிடுவர். அவர் விளக்கைப் பிடித்துப் பார்த்து, குற்றமுள்ள இடத்தில் குறியிட்டுச் செல்வார்.

இத்தகைய உதவியை ஒழுங்குபடுத்தியோருள் ஒருவர் பால் போபரெஸ்னி. இவர் 1953-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வீட்டில் விமானம் கட்டுவோருக்கெனச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். தாமே விமானம் கட்டித் தேர்ந்தவர்களும் தொழில்முறை மெக்கானிக்குகளும் அச்சங்கத்தின் ஆலோசகர்களாய்ப் புதியவர்களின் கொட்டகைக்குச் சென்று ஊதியமின்றிப் பார்வையிடுகின்றனர். இங்கு ஒரு நுட்பம் உண்டு. அந்நாட்டுச் சட்டப்படி, இவ்வகை விமானத்தின் பணிகளுள் பாதிக்கு மேற்பட்டவற்றை, கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுவோரே செய்திருத்தல் வேண்டும். எனவே உதவ வருபவர் சுத்தியலைத் தாமே வாங்கி அடித்து முடித்துவிடுதல் ஆகாது, அடிக்கக் கற்பிக்கலாம். நம் நாட்டில் விமானம் கட்டவும் பறக்கவும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் அனுமதி வேண்டும். அதனைப் பெறாது எவரும் முயலலாகாது.

நாற்பதாண்டு தமிழ் கற்பித்த எனக்கு இச்செய்திகள் அயலாகத் தோன்றவில்லை. இளமையில் யாப்பிலக்கணத்தை யானே படித்து வெண்பா ஒன்று புனைந்து என் ஆசிரியரிடம் காட்டினேன். அவர் ஏட்டைப் பாராமல் செவியால் கேட்டே தளை தட்டிய இடத்தைச் சொல்லிவிட்டார். என் வெண்பா தட்டியதால் எவர்க்கும் கேடில்லை. விமானத்தின் கதை வேறு.

பிரான்சு நாட்டு ஆன்றி மினே என்பவர் 1933-இல் ஒரு சிறு விமானத்தை இயற்றிப் பறந்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'வானத்துப் பேன்' என்பது! எளியோரும் கட்டலாம் என்று அவர் எழுதிய நூலைக் கண்டு பிரான்சிலும் இங்கிலாந்திலும் பலர் கட்டினர். சிலர் வீழ்ந்து மாண்டனர். 1936-இல் காற்றுக்குகையில் வைத்து வல்லுநர்கள் ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. அதன் மூக்கு ஓரளவுக்குமேல் கீழ்நோக்கிச் சாய்ந்துவிட்டால், முன்னும் பின்னும் நெருங்கியமைந்த இரு சிறகுகளின் இடையே ஓடும் காற்றின் போக்கால், ஓட்டுபவர் அதனை நிமிர்த்த இயலாது. நூலில் உள்ளவாறே பிழையின்றிக் கட்டியவருக்கும் அதே இடர்தான். தனியே கொட்டகையில் உழைத்தவர் அதனை எங்ஙனம் அறிவார்?

இனி, நம் அண்டை மாநிலத்தில் பிறந்து தமிழகத்தில் நிறைவேறிய கதையொன்று. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த சாஜி தாமஸ் பிறவியிலேயே செவிப்புலனும் பேச்சும் அற்றவர். பள்ளிப்படிப்பை ஏழாம் வகுப்போடு நிறுத்தியவர். ரப்பர்த் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைச் சிறுவயதில் கண்டது முதல் அவர் நெஞ்சில் வேறு எண்ணம் இல்லை. வறுமையிடையே பல ஆண்டு முயன்று, இருவர் அமரும் மிகச்சிறு விமானமொன்றைத் தாமே உருவாக்கினார். கேட்டறிய இயலாதவர்க்குக் கண்ணும் கையுமே கல்விச்சாலை. ஆயினும் கட்டி முடித்த பொருளைத் தகுதியுடையோர் பார்த்து ஏற்கவேண்டுமே! ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி விங் கமாண்டர் எஸ். கே. ஜே. நாயர் அவருக்குத் துணைநின்றார். திருநெல்வேலி மாவட்டத்து மணிமுத்தாற்றில், 2014-ஆம் ஆண்டில், நாயரின் துணையோடு அவ்விமானம் மேலெழுந்தது. அதன் ஓசையைத் தாமஸ் கேட்டிரார். நிலத்தினின்று சக்கரம் விடுபட்ட அந்த நொடியின் அதிர்வு நின்றதை உடலால் உணர்ந்திருப்பார்.