சாவி யார் கையில்? அலுவலகத்துக்கும் கடைக்கும் திறமூல மென்பொருள்

உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால், நீங்கள் ஏற்கெனவே திறமூல மென்பொருளின் பயனாளர்தான். ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ். பின்லாந்தில் கல்லூரி மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் அதை எழுதத் தொடங்கினார். வீடியோ பார்க்க உதவும் வி.எல்.சி., ஃபயர்பாக்ஸ் உலாவி, விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி எல்லாமே இந்த வகைதான்.

சரி, நாம் மனு கொடுக்கப் போகும் அலுவலகத்திலும் பில் போடும் கடையிலும் எந்த மென்பொருள் இருந்தால் நமக்கென்ன? வேலை நடந்தால் போதாதா?

நியாயமான கேள்விதான். ஆனால் இன்று நம் பட்டா, பிறப்புச் சான்று, வரி ரசீது எல்லாமே கணினிக் கோப்புகள். இன்று பிறக்கும் குழந்தையின் சான்றிதழ் இருபது வருஷம் கழித்தும் திறக்க வேண்டும். அன்றைக்கு அந்தக் கோப்பைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்கும்? அரசு அலுவலகத்திடமா, அல்லது அதற்குள் தொழிலையே மாற்றிக்கொண்டுவிட்ட ஒரு நிறுவனத்திடமா? இந்தக் கட்டுரை அந்தச் சாவியைப் பற்றியது.

திறமூலம் என்றால் என்ன?

வயல் கிணற்றில் ஒரு மோட்டார் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பழுதானால் உள்ளூர் மெக்கானிக் யாராக இருந்தாலும் திறந்து பார்க்கலாம், பாகத்தை மாற்றலாம். இன்னொரு மோட்டார் இருக்கிறது. அதை முழுக்க மூடி சீல் வைத்திருக்கிறார்கள். கம்பெனி ஆள் வந்தால்தான் திறக்க முடியும். அவர் சொன்னதுதான் விலை, அவர் வரும் நாள்தான் நாள். இரண்டுமே தண்ணீர் இறைக்கும். பழுதாகும் நாளில்தான் வித்தியாசம் தெரியும்.

மென்பொருளும் அப்படித்தான். அதை எழுதிய கட்டளைத் தொகுப்புக்கு மூலநிரல் என்று பெயர். அது எல்லோரும் பார்க்கும்படி திறந்து கிடந்தால் மட்டும் போதாது. உரிமமும் நமக்கு நான்கு உரிமைகளைத் தர வேண்டும். எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம். எப்படி வேலை செய்கிறது என்று படித்துப் பார்க்கலாம். நம் தேவைக்கு மாற்றலாம். அசலையும் மாற்றியதையும் பிறருக்குக் கொடுக்கலாம். 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய குனு திட்டம் இந்த எண்ணத்துக்கு வடிவம் கொடுத்தது. தமிழில் இதைக் கட்டற்ற மென்பொருள் என்றும் சொல்கிறோம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இலவசமாகக் கிடைக்கும் செயலி எல்லாம் திறமூலம் கிடையாது. பணம் வாங்காமல் உங்கள் தகவலை வாங்கிக்கொள்ளும் செயலிகளும் உண்டு. திறமூல மென்பொருளுக்கும் செலவே இல்லை என்று நினைக்கக் கூடாது. நிறுவ வேண்டும், ஊழியருக்குப் பயிற்சி தர வேண்டும், பராமரிக்க வேண்டும். உரிமத்துக்கு வருஷா வருஷம் கட்டும் பணம்தான் மிச்சம். அந்தப் பணத்தை உள்ளூர்ப் பொறியாளருக்குச் சம்பளமாகக் கொடுக்கலாம் என்பதுதான் லாபம்.

தமிழ் எழுத்துருவே நடத்திய பாடம்

பூட்டிய மென்பொருள் என்ன செய்யும் என்று தமிழர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. ஒரு கணினியில் அடித்த கடிதத்தை அதே எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் புரியாத குறிகளும்தான் வரும். அடித்தவர் நம்மவர், மொழி நம்முடையது; ஆனாலும் படிக்க முடியாது.

2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தர முறையாக அறிவித்து ஆணை வெளியிட்டது. யூனிகோடு வேலை செய்யாத மென்பொருள்களுக்கு டேஸ்-16 என்ற முறையையும் ஏற்றுக்கொண்டது. இன்று வாட்ஸ்அப்பில் நீங்கள் அடிக்கும் தமிழ் யார் போனிலும் தெரிகிறது என்றால், எல்லோரும் ஒரே திறந்த தரத்துக்கு வந்ததுதான் காரணம். எழுத்துக்குச் செய்ததை இனி கோப்புக்கும் மென்பொருளுக்கும் செய்ய வேண்டும்.

அரசு என்ன சொல்லியிருக்கிறது?

மத்திய அரசு 2010 நவம்பரில் மின்னாளுமைக்கான திறந்த தரங்கள் கொள்கையை வெளியிட்டது. 2015 மார்ச்சில் திறமூல மென்பொருளை ஏற்பதற்கென்றே ஒரு கொள்கை வந்தது. அதன்படி ஒரு துறை மென்பொருளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, திறமூலத்தையும் பரிசீலிக்க வேண்டும் என்று அதிலேயே எழுத வேண்டும். திறமூலத்தை விட்டுவிட்டு வேறொன்றைத் தர விரும்பும் நிறுவனம் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். வாங்கும் விலையோடு நிற்காமல், பயன்பாட்டுக் காலம் முழுவதற்குமான செலவு, பாதுகாப்பு, பராமரிப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஒப்பிட வேண்டும்.

இது ஏட்டோடு நிற்கவில்லை. நம் பள்ளிப் பாடநூல்களில் உள்ள கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்தால் திறக்கும் தீக்ஷா தளம், சன்பேர்டு என்ற திறமூலக் கட்டமைப்பின் மேல் எழுந்தது. கோவிட் தடுப்பூசிச் சான்றிதழுக்குப் பின்னால் இருந்த டிவோக் மென்பொருளும் திறமூலம்தான். இலங்கையும் பிலிப்பைன்ஸும் அதே மென்பொருளை எடுத்துத் தங்கள் மக்களுக்குச் சான்றிதழ் கொடுத்தன. ஒரு ஊரில் போட்ட உழைப்பு இன்னொரு ஊருக்கும் உதவியது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. பாஸ் லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியதில் சென்னை சி-டாக் மையம் முன்னின்றது. 2000-களின் பிற்பகுதியிலேயே எல்காட் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபிஸுக்கும் மாற்றிக் காட்டியது. 2018-க்குப் பிறகு வந்த மேல்நிலைக் கணினிப் பாடநூல்களில் உபுண்டுவும் ஓப்பன் ஆபிஸும் இடம்பெற்றன.

மூன்று ஊர்கள், மூன்று பாடங்கள்

மாறுவது நல்லது என்று சொல்வது சுலபம். மாறிப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்?

கேரளம்: 2001-ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் படிப்படியாகப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுபோனது. அங்கே கணினியில் லினக்ஸைப் போட்டுக் கொடுத்ததோடு விட்டுவிடவில்லை. ஆசிரியர்களிலிருந்தே முதன்மைப் பயிற்றுநர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களைக் கொண்டு மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பாடநூலும் தேர்வும் அதே மென்பொருளில் அமைந்தன. இப்போது கைட் என்ற பெயரில் அந்தப் பணி தொடர்கிறது. பாடம்: கணினியில் இருந்தால் மட்டும் போதாது, பாடத்திலும் பயிற்சியிலும் இருக்க வேண்டும்.

பிரான்ஸ்: அந்நாட்டின் ஜாந்தார்மரி என்ற காவல் படை 2005-ல் முதலில் அலுவலக மென்பொருளை மட்டும் ஓப்பன் ஆபிஸுக்கு மாற்றியது. அடுத்து உலாவி, மின்னஞ்சல். ஊழியர்கள் இவற்றில் பழகிய பிறகு, 2008-ல் உபுண்டுவுக்குப் போகத் தொடங்கியது. திரையில் தெரிவது பெரும்பாலும் பழகிய செயலிகளே என்பதால் இயங்குதளம் மாறியது பெரிய அதிர்ச்சியாக இல்லை. இன்றும் பல்லாயிரம் கணினிகள் அப்படியே ஓடுகின்றன. பாடம்: முதலில் செயலி, கடைசியில் இயங்குதளம்.

மியூனிக்: ஜெர்மனியின் இந்த மாநகராட்சி 2003-ல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, 2013-க்குள் சுமார் 15,000 கணினிகளை மாற்றியது. ஆனால் 2017-ல் மாமன்றம் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. வெளி அலுவலகங்களோடு கோப்புகளைப் பரிமாறுவதில் சிக்கல், பல துறைகளில் சிதறிக் கிடந்த கணினி நிர்வாகம், தலைமை மாறியதும் மாறிய ஆர்வம் என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. 2020-ல் வந்த புதிய கூட்டணி, பொதுப் பணத்தில் எழுதும் நிரல் பொதுவில் இருக்கட்டும் என்ற கொள்கைக்கு மறுபடி வந்தது. பாடம்: நிர்வாகம் ஒழுங்காக இல்லையென்றால் நல்ல மென்பொருளும் கெட்ட பெயர் வாங்கும். ஒரு தலைவரின் விருப்பத்தை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. விதியாக எழுதிவைக்க வேண்டும்.

பாதுகாப்பு எப்படி?

"எல்லோரும் பார்க்கலாம் என்றால் திருடனும் பார்ப்பானே?" என்று பலர் கேட்பதுண்டு. பார்ப்பான்தான். ஆனால் காவல்காரரும் பார்க்கலாம். 2024 மார்ச்சில், லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் எக்ஸ்.இசட். என்ற சிறு மென்பொருளில் யாரோ ரகசியக் கதவு ஒன்றை வைத்திருந்தது வெளியே வந்தது. கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டு, உள்ளே தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் தோண்ட முடிந்தது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2014-ல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை ஓப்பன் எஸ்.எஸ்.எல். மென்பொருளில் வெளிப்பட்டது. உலகமே நம்பியிருந்த அதைப் பராமரித்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். பெரிய நிறுவனங்கள் நிதி கொடுக்க முன்வந்ததே அதற்குப் பிறகுதான். ஊர்க் குளத்தில் எல்லோரும் தண்ணீர் எடுத்து, யாரும் தூர்வாராவிட்டால் என்ன ஆகும்? பயன்படுத்தும் அரசும் நிறுவனமும் பராமரிப்புக்குப் பணமோ ஆளோ கொடுத்தே ஆக வேண்டும்.

கடை, சிறு தொழில் வைத்திருப்பவர்களுக்கு

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தன. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. நன்றாக ஓடும் கணினியைத் தூக்கிப் போடுவதா? திருட்டுப் பிரதி போடுவதா? திருட்டுப் பிரதி சட்டப்படி குற்றம். அதோடு வைரஸும் வரலாம். இந்த இடத்தில் திறமூலத்தை யோசித்துப் பார்க்கலாம். வரிசையாகப் போங்க:

1. எல்லாக் கோப்புகளையும் முதலில் வேறொரு வன்தட்டில் நகல் எடுத்து வையுங்கள். இதைச் செய்யாமல் எதையும் தொடாதீர்கள்.

2. இப்போதுள்ள விண்டோஸிலேயே லிப்ரே ஆபிஸை நிறுவுங்கள். கடிதம், கணக்குத் தாள், விளக்கப்படம் மூன்றும் அதில் உண்டு. தமிழ் இடைமுகமும் உண்டு. ஒரு மாதம் பழகிப் பாருங்கள்.

3. பென் டிரைவில் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் போட்டு, நிறுவாமலேயே ஓட்டிப் பாருங்கள். பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். சில கருவிகள் வேலை செய்யாமல் போகலாம். அது முன்கூட்டியே தெரிவது நல்லது.

4. கணக்கு, ஜி.எஸ்.டி. மென்பொருளைக் கடைசியாகத் தொடுங்கள். மும்பையில் உருவான இ.ஆர்.பி. நெக்ஸ்ட் போன்ற திறமூல மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் உங்கள் ஆடிட்டரைக் கேட்காமல், நிதியாண்டின் நடுவில் மாறாதீர்கள்.

5. ஒரே ஒரு கணினியில் தொடங்குங்கள். அது மூன்று மாதம் சிக்கலில்லாமல் ஓடினால் அடுத்தது.

அச்சகம் வைத்திருப்பவர்கள் படத்துக்கு கிம்ப், வரைகலைக்கு இங்க்ஸ்கேப் பார்க்கலாம். நூலகத்துக்கு கோஹா இருக்கிறது. நியூசிலாந்தில் ஒரு சிறிய பொது நூலகத்துக்காக எழுதப்பட்டு உலகம் சுற்றி வந்த மென்பொருள் அது. பயிற்சி மையங்களுக்கு மூடுல் உண்டு.

குடிமக்களாக நாம் கேட்க வேண்டியவை

அலுவலகத்தில் எந்த மென்பொருள் வாங்குவது என்று நாம் முடிவு செய்ய முடியாது. ஆனால் கேள்வி கேட்கலாம். உங்கள் ஊராட்சி, பள்ளி, கல்லூரி, கூட்டுறவுச் சங்கம் எதிலாவது புதிய மென்பொருள் வருகிறது என்றால் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

• வருடாந்திர உரிமக் கட்டணம் எவ்வளவு?
• ஒப்பந்தம் முடிந்த பிறகு நம் தரவு முழுவதையும் வெளியே எடுக்க முடியுமா? எந்த வடிவத்தில்?
• மூலநிரல் யாருக்குச் சொந்தம்?
• இந்த நிறுவனம் விலகினால் வேறொருவர் பராமரிக்க முடியுமா?
• திறமூல மாற்று பரிசீலிக்கப்பட்டதா? இல்லையென்றால் ஏன்?

பதில் கிடைக்கவில்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் மனு செய்யலாம். வணிக ரகசியம் என்று சில விவரங்களைத் தர மறுக்கலாம். ஆனால் பொதுப் பணத்தில் எவ்வளவு செலவானது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

கற்றுக்கொள்ள விரும்புவோருக்கு கணியம் மின்னிதழ் 2012 முதல் தமிழிலேயே கட்டற்ற மென்பொருள் பாடங்களை வெளியிட்டு வருகிறது. சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் பகுதிகளில் லினக்ஸ் பயனர் குழுக்கள் கூடுகின்றன. தெரியாததைக் கேட்டால் சொல்லித்தருவார்கள்.

அடுத்த முறை ஒரு அரசு இணையதளத்திலிருந்து படிவம் பதிவிறக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அது எந்த மென்பொருளும் வாங்காமல் உங்கள் போனிலேயே திறக்கிறதா, தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா? திறக்கவில்லை என்றால், "வேறு போனில் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடாமல், அந்தத் தளத்தின் கருத்துப் பகுதியில் இரண்டு வரி எழுதிப் போடுங்கள். உங்களைப் போலவே அந்தப் படிவத்துக்காகக் காத்திருக்கும் இன்னொருவருக்கும் அது உதவும்.