உடற்பருமன் ரண சிகிச்சையும் தகாஃபுல் ஷரத்துகளும்



நம் பாட்டனார்கள் ஈப்போவிலிருந்து சுற்றுவட்டாரத்துப் பால்மரத் தோட்டங்களுக்குச் சைக்கிளில் துணிமூட்டை கட்டிக் கொண்டு போய் வியாபாரம் செய்தவர்கள். அவர்களுடைய சரீரத்தில் கொழுப்புத் தங்க வழியில்லை. இன்று அந்தத் தோட்டங்களில் பல செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. நாமோ காலை ஏழு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு பத்துக்குத்தான் எழுந்திருக்கிறோம். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள், 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. ஆகவே இஃது ஒருவர் இருவர் விஷயமன்று.

எடை மிகுந்து நீரிழிவும் முற்றியவர்களுக்கு இரைப்பையைச் சுருக்கும் ரண சிகிச்சை ஒன்று உண்டு. தனியார் ஆஸ்பத்திரியில் அதற்குப் பல்லாயிரம் வெள்ளி ஆகும். "மாதாமாதம் தகாஃபுலுக்குப் பணம் கட்டுகிறோமே, அது கொடுக்காதா?" என்று சங்கத்தில் பலர் கேட்கிறார்கள். நானே அந்த வழியில் நடந்து பார்த்தவன் என்பதால் அறிந்ததை ஒரு பாடமாக எழுதுகிறேன்.

முதலாவது: மார்க்கத்தின் ஹுகும்

1972இல் நம் நாட்டுத் தேசிய ஃபத்வா குழு, சாதாரண ஆயுள் இன்ஷூரன்ஸில் வட்டி, சூது, நிச்சயமின்மை ஆகியவை கலந்திருப்பதால் அது முறையற்ற வியாபாரம் எனத் தீர்ப்பளித்தது. அதன் பிறகு 1984இல் தகாஃபுல் சட்டம் வந்தது. முதல் தகாஃபுல் கம்பெனி 1985இல் தொழில் தொடங்கியது. இப்போது நடப்பில் இருப்பது 2013ஆம் ஆண்டின் இஸ்லாமிய நிதிச் சேவைச் சட்டம். தகாஃபுலில் நாம் கட்டும் பணத்தின் ஒரு பங்கு 'தபர்ருஃ', அதாவது ஒருவருக்கொருவர் உதவ மனமுவந்து ஒரு பொது நிதியில் இடும் கொடை. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சிகிச்சை ஆகுமா என்ற மஸ்அலாவுக்கும் விடை உண்டு. 2007 ஜூலையில் நம்முடைய புத்ராஜாயாவிலேயே கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி இதை ஆராய்ந்தது. எடையே வியாதி நிலைக்கு வந்துவிட்டு, ரண சிகிச்சை தவிர வேறு வழியும் இல்லாமல், தீங்கு நேராது என்ற உறுதியும் இருந்தால், ரண சிகிச்சையால் எடை குறைப்பது கூடும் என்று முடிவு செய்தது. விபத்து, தீப்புண், வியாதி இவற்றால் வந்த குறையைச் சீர் செய்வதும் கூடும். வெறும் அழகுக்காகப் படைப்பை மாற்றுவது கூடாது.

இரண்டாவது: கம்பெனியின் ஷரத்து

வியப்பு என்னவென்றால், கம்பெனிகளும் ஏறக்குறைய இதே கோட்டைத்தான் கிழிக்கின்றன. ஆனால் இன்னும் இறுக்கமாக. நம் நாட்டு மருத்துவ பாலிசிகளில் பெரும்பாலானவற்றில், 'கொடுக்கப்படாதவை' என்ற பட்டியலில் இரண்டு வரிகளைக் காணலாம். ஒன்று, பிளாஸ்டிக் சர்ஜரி மற்றும் அழகு சிகிச்சை. மற்றொன்று, எடையைக் குறைப்பதற்கோ கூட்டுவதற்கோ என்றே செய்யப்படும் சிகிச்சை. அன்றியும், சேர்ந்த முதல் 30 நாட்களுக்குள் வரும் வியாதிக்கும், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இருதய நோய் முதலியவை முதல் 120 நாட்களுக்குள் வந்தால் அவற்றுக்கும் பணம் கிடையாது. சேர்வதற்கு முன்பே இருந்த வியாதிக்கும் அப்படியே.

ஊரில் பாலிசி வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தியாவின் இன்ஷூரன்ஸ் ஒழுங்காணையம் 2019இல் இதற்குப் பொது வாசகம் வகுத்தது. வயது 18 நிரம்பி, டாக்டர் ஆலோசனையின்பேரில், மற்ற முறைகள் பலிக்காமல் போய், உடல் எடைக் குறியீடு 40 இருந்தால், அல்லது 35 இருந்து கட்டுக்கடங்காத நீரிழிவு, இருதய நோய், கடுமையான உறக்க மூச்சடைப்பு போன்றவை சேர்ந்திருந்தால், சிகிச்சைக்குப் பணம் உண்டு. பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் விபத்து, தீப்புண், புற்றுநோய்க்குப் பிந்திய சீரமைப்பாக இருக்க வேண்டும். அல்லது நேரடியான, உடனடியான உடல்நல ஆபத்தை நீக்க அவசியம் என டாக்டர் சான்று தர வேண்டும். ஜப்பானிலும் 2014 முதல் ஒருவகை இரைப்பைச் சிகிச்சை அரசாங்க இன்ஷூரன்ஸில் சேர்ந்திருக்கிறது. ஆக, உலகம் இதை அலங்காரமாகக் கருதாமல் சிகிச்சையாகவே ஏற்று வருகிறது.

மூன்றாவது: கணக்கு

குறியீடு என்பது கடைக் கணக்குப் போல எளிது. எடையைக் கிலோவில் எழுதி, உயரத்தை மீட்டரில் இருமுறை பெருக்கி வந்த தொகையால் வகுக்க வேண்டும். என் உயரம் 1.70 மீட்டர், எடை 104 கிலோ. 1.70ஐ 1.70ஆல் பெருக்கினால் 2.89. 104ஐ அதனால் வகுத்தால் ஏறக்குறைய 36. பழைய அளவுகோல் 1991இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது: 40, அல்லது வியாதியுடன் 35. 2022இல் ரண சிகிச்சைச் சங்கங்கள் இரண்டு அதைக் குறைத்து, 35 இருந்தாலே போதும், நீரிழிவு இருந்தால் 30 போதும் என்றன. ஆசியர்களுக்கு 27.5 முதலே இச்சிகிச்சையைக் கருதலாம் என்றும் சொல்லின. ஆனால் டாக்டர்களின் அளவுகோல் வேறு, பாலிசியின் வாசகம் வேறு. இதை மறந்துதான் நான் ஏமாந்தேன்.

நான்காவது: என் அனுபவம்

எனக்கு நீரிழிவு பதினோரு வருஷம். முழங்கால் மடங்காமல் நாற்காலியில் இருந்தே தொழுதேன். ஸுஜூது செய்ய முடியாத துக்கம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஸ்பெஷலிஸ்ட் சிகிச்சைக்கு எழுதினார். ஆஸ்பத்திரி, கம்பெனியிடம் உத்தரவாதக் கடிதம் கேட்டது. 'எடைக் குறைப்புக்கான சிகிச்சை. கொடுக்கப்பட மாட்டாது' என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஒன்பது வருஷம் பணம் கட்டிய நான் பாலிசியை அன்றுதான் முதன்முதலாகப் பிரித்து வாசித்தேன். குற்றம் யாருடையது?

அப்போது ஒரு ஏஜெண்ட், "பித்தப்பைக் கல் என்று எழுதச் சொல்லுங்கள், பாய்; காரியம் முடிந்துவிடும்" என்றார். ஓர் இரவு முழுதும் அந்த எண்ணம் என்னைப் பிடித்து ஆட்டியது. மறுநாள் கடையில் தராசைத் துடைக்கும்போது மனத்தில் பட்டது. அந்த நிதி கம்பெனியின் பணமன்று. என்னைப் போன்ற ஆயிரம் பேர் நம்பி இட்ட தபர்ருஃ. அதில் பொய் சொல்லி எடுப்பது, எடைக்கல்லைக் குறைத்து வைப்பதற்குச் சமானம். அன்றியும் பொய் வெளிப்பட்டால் பாலிசியே ரத்தாகும். பிறகு இருதயத்துக்கும் கிடைக்காது.

நேர்வழியில் மேல் முறையீடு செய்தேன். நீரிழிவின் அளவுகள், மருந்துகள், மற்ற முறைகள் பலிக்காத விவரம் எல்லாம் சேர்த்து அனுப்பினேன். அதையும் மறுத்தார்கள். ஷரத்து தெளிவாக இருந்தது. மனம் கசந்தாலும் ஏற்றுக் கொண்டேன். பின்னர் அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கி, அரசாங்க ஆஸ்பத்திரியில் முறைக்குக் காத்திருந்தேன். காத்திருப்பு நீண்டது, செலவு மிகச் சொற்பம். இன்று, அல்ஹம்துலில்லாஹ், தரையில் ஸுஜூது செய்கிறேன்.

ஐந்தாவது: தொங்கும் தோல்

எடை குறைந்த பின் வயிற்றுத் தோல் மடிந்து தொங்கும். மடிப்பில் வியர்வை தங்கிப் புண்ணும் படையும் வரும். எடை ஒரு நிலைக்கு வர ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் ஆகலாம். அதன் பிறகே தோலை நீக்குவார்கள். 'அழகுக்காக' என்று கம்பெனி தள்ளுவது பெரும்பாலும் இங்கேதான். ஆகவே புண் வரும்போதெல்லாம் டாக்டரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள். தடவிய மருந்துகள், தேதியிட்ட படங்கள், எடை நிலைத்த கணக்கு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். பாலிசியில் வழி இருந்தால் அந்தக் கோப்புத்தான் பேசும். வழி இல்லாவிட்டாலும் அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டருக்கு அது உதவும்.

செய்ய வேண்டியவை

1. பாலிசி கைக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்க உரிமையுள்ள 15 நாட்களுக்குள் 'கொடுக்கப்படாதவை' பகுதியை வாசியுங்கள். பாஷை புரியாவிட்டால் பிள்ளைகளை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

2. சேரும்போது கேட்கும் கேள்விகளுக்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஏஜெண்டை எழுத விட்டு வெற்றுத் தாளில் கையெழுத்திடாதீர்கள்.

3. சிகிச்சைக்கு முன் அனுமதியை எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி ஆஸ்பத்திரியில் படுக்காதீர்கள்.

4. மறுத்தால், எந்த ஷரத்தின்படி மறுத்தார்கள் என எழுத்தில் பெற்று, கம்பெனியின் புகார்ப் பகுதிக்கு எழுதுங்கள்.

5. ஷரத்தைக் கம்பெனி தவறாகப் பொருள் கொண்டது என்று தோன்றினால், இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். முந்தைய ஓம்புட்ஸ்மன் அமைப்புக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் இதில் புகார் செய்பவருக்குக் கட்டணம் இல்லை.

6. சிகிச்சைக்குப் பின் ஆயுள் முழுதும் வைட்டமின் மாத்திரையும் டாக்டர் மேற்பார்வையும் வேண்டும். ரமலான் நோன்பு வைப்பதற்கு முன் டாக்டரிடமும் ஆலிமிடமும் கேட்டுக் கொள்ளுங்கள்.

சகோதரர்களே! சரீரம் அல்லாஹ் தந்த அமானிதம். பொது நிதியும் அமானிதமே. ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கெடுக்க வேண்டியதில்லை. இன்றிரவு கடையை அடைத்த பின் அலமாரியில் கிடக்கும் பாலிசியை எடுத்து அந்த ஒரு பக்கத்தையாவது வாசியுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.