காஷ்மீர் லோடு ஏற்றும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மார்கழியில் ஸ்ரீநகருக்கு லோடு எடுக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். அரியலூர் சிமென்ட் லோடு ஓட்டிப் பழகிய கை உன்னுடையது. சித்திரை வெயிலில் பெரம்பலூர் தாண்டி வண்டியை ஓரங்கட்டி, ரேடியேட்டர் ஆறும்வரை நின்று தண்ணீர் ஊற்றியிருப்பாய். அங்கே அந்தத் தண்ணீர்தான் வண்டிக்கு எமன்.

டிசம்பர் 21 தொடங்கி 40 நாளை காஷ்மீர்க்காரர்கள் ‘சில்லாய் கலான்’ என்பார்கள். 2024இல் அது தொடங்கிய வேளையில் ஸ்ரீநகரில் மைனஸ் 8.5 டிகிரி. வீட்டுக் குழாய்களே உறைந்துபோகும் குளிர் அது. தண்ணீர் கட்டியானால் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் பெருக்கும். பெருக்க இடமில்லாவிட்டால் ரேடியேட்டர் கோர் பிளக்கும். என்ஜின் பிளாக்கே விரிசல் விடும்.

அதனால் புறப்படும் முன் ரேடியேட்டரை முழுசாக வடித்துவிடு. நம் பக்கம் சுண்ணாம்புப் பூமி. போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டி என்றால் உள்ளே வெள்ளைப் பொருக்கு கட்டியிருக்கும். ஃப்ளஷ் பண்ணாமல் கூலன்ட் ஊற்றிப் பயனில்லை. கலக்காத கூலன்ட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டர் சரிபாதி சேர். “குளிர் ஜாஸ்தி, தண்ணியே வேணாம், முழுசா கூலன்ட்ட ஊத்து” என்பார்கள். கேட்காதே. தனி எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13இலேயே உறையும். பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். கலந்ததையே ஒரு கேனில் எடுத்துப் போ. வழியில் மட்டம் இறங்கினால் தாபா குழாய்த் தண்ணீரை ஊற்றிவிடாதே.

பிஎஸ்6 வண்டி என்பதால் யூரியா டேங்க்கும் உண்டு. அந்தக் கரைசல் மைனஸ் 11இல் உறையும். டேங்க்கை விளிம்பு வரை நிரப்பாதே. ராத்திரி சாவியை அணைத்ததும் பம்ப் ஓடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்கும். லைனில் நிற்கும் யூரியாவை அது டேங்க்குக்குத் திருப்பி இழுக்கிறது. நம்மில் பலர் வண்டியை அணைத்த கையோடு பேட்டரி கட்-ஆஃபையும் திருகிவிடுவார்கள். அப்படிச் செய்தால் யூரியா லைனிலேயே தங்கி, விடிவதற்குள் கல்லாகிவிடும். சத்தம் அடங்கட்டும், பிறகு திருகு.

டீசலைப் பற்றி ஒன்றுதான்: கீழே சமவெளியில் போட்ட டீசல் குளிரில் உறையும், அதை நம்பி மேலே ஏறாதே, அங்குள்ள பங்கில் போடு. லடாக்குக்கென்று மைனஸ் 33 வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019இலேயே கொண்டுவந்துவிட்டது.

எனக்கு உள்ளபடியே பயம் தருவது பிரேக்கின் ஏர் லைன். கம்ப்ரஸர் இழுக்கும் காற்றில் ஈரம் இருக்கும். அது ஏர் டேங்க்கின் அடியில் தண்ணீராகத் தேங்கும். நம் ஊரில் வாரக்கணக்கில் விட்டாலும் வண்டி ஓடும். அங்கே அது உறைந்து லைனை அடைத்துவிடும். அதனால் ஒவ்வொரு இரவும் டேங்க்கின் அடியிலுள்ள டிரெயின் வளையத்தை இழுத்துப் பிடி. முதலில் மோர் நிறத்தில் எண்ணெய் கலந்த தண்ணீர் சீறும். வெறும் காற்று வரும்வரை கையை எடுக்காதே. புறப்படும் முன் ஏர் டிரையர் ஃபில்டரையும் மாற்றிவிடு.

பனி கொட்டினால் வழியில் ராம்பன், பனிஹால் பக்கம் லாரிகளை நாள்கணக்கில் நிறுத்திவிடுவார்கள். கேபினில் ஸ்டவ் பற்றவைத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்காதே. அந்தப் புகையில் எழாமலே போனவர்கள் உண்டு. காலையில் ஏர் ஏறவில்லையென்றால் லைனுக்குப் பந்தம் காட்டாதே, ஹோஸ் உருகும். என்ஜினை ஓடவிட்டு வெயில் வரும்வரை பொறு. லோடு ஆபீஸிலிருந்து போன்மேல் போன் வரும். கேஜ் முள் முழுசாக ஏறி, பிரேக் பிடித்து விடுகிறதா என்று நின்ற இடத்திலேயே பார்த்தபிறகு வண்டியை எடு. லோடு ஒரு நாள் பிந்திப் போகட்டும், தம்பி.

அன்புடன்,
உன் அண்ணன்