கணக்கில் வராத பிள்ளை
(மாற்றுத்திறனாளி ஒருவரை வீட்டில் வைத்துப் பார்க்கும் குடும்பங்களுக்கு ஒரு பாடம்)



லயம் லயமாகப் போய்க் குடும்பக் கணக்கு எடுப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. சில வருடங்களுக்கு முன் பணிய லயத்தில் ஒரு வீட்டு இஸ்தோப்பில் நின்று, "எத்தனை பிள்ளைங்கம்மா?" என்று கேட்டோம். "ரெண்டு பிள்ளைங்க ஐயா" என்றார் அந்தத் தாய். ரெண்டு என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டோம்.

மூன்று மாதம் கழித்து, ஒரு காற்று மழையில் அந்த லயத்துக் கூரைத் தகரம் பறந்து போனது. சேதம் பார்க்க வீட்டுக்குள் போனோம். சேலைத் திரைக்குப் பின்னால் ஒரு பையன் பாயில் படுத்திருந்தான். ஒன்பது வயது. கையும் காலும் இறுகிப் போயிருந்தன. பக்கத்தில் அவனுடைய அக்கா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடம் போவதை நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

"ஏம்மா அன்றைக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டோம்.

"அவனையும் கணக்குல சேக்கணுமா ஐயா?" என்றார் தாய்.

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. பிழை அந்தத் தாயுடையது மட்டுமல்ல. வாசலிலே நின்று கேட்டுவிட்டுப் போனவர்கள் நாங்கள். அந்த வீட்டிலிருந்து நாங்கள் படித்ததைத்தான் இந்தப் பாடத்தில் எழுதுகிறோம்.

1. இது யாருடைய பாவமும் இல்லை

இப்படி ஒரு பிள்ளை பிறந்தால், "கிரகணத்தில் வெளியே போனாள்", "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்று பேசுகிறோம். தாயின் மேலேதான் பழி விழுகிறது. அதனால் பிள்ளையை மறைக்கிறோம்.

அந்தப் பையனுக்கு இருப்பது பெருமூளை வாதம். வளர்ந்து வரும் மூளைக்கு ஏற்படும் சேதத்தால் இது வருகிறது. மாதம் முந்திப் பிறப்பது, பிறக்கும்போது மூச்சுத் தடைப்படுவது, பிறந்தவுடன் மஞ்சள் கடுமையாகக் கூடுவது, மூளைக்காய்ச்சல் ஆகியவை சில காரணங்கள். சில பிள்ளைகளுக்குக் காரணம் தெரிவதே இல்லை. தாய் மலைக்குப் போனதாலோ, ஒரு நாள் விரதம் தவறியதாலோ இது வருவதில்லை.

மூளையில் ஏற்பட்ட சேதம் நாளாக நாளாகக் கூடுவதில்லை. ஆனால் பிள்ளையைப் படுத்த படுக்கையாகவே விட்டால் தசைகள் இறுகி, மூட்டுகள் மடங்கிப் போகும். மறைத்து வைப்பதால் நடக்கும் பெரிய நட்டம் இதுதான்.

நேரத்தோடு காட்டினால் நன்றாகச் சரிசெய்யக்கூடியவையும் உண்டு. பாதம் உள்பக்கம் திரும்பிப் பிறந்த பிள்ளையைப் பிறந்த சில வாரங்களுக்குள் கொண்டுபோனால், வாரா வாரம் மாவுக்கட்டுப் போட்டுப் பாதத்தைத் திருப்பி எடுக்கலாம். அதன்பின் சில வருடங்கள் இரவில் விசேட சப்பாத்துப் போட வேண்டும். இடையில் விட்டால் பாதம் மறுபடி திரும்பிவிடும். பிள்ளை தலை நிமிர்த்தவில்லை, சத்தத்துக்குத் திரும்பவில்லை, உட்கார வேண்டிய வயதில் உட்காரவில்லை என்றால், "அப்பனும் பிந்தித்தான் நடந்தான்" என்று காத்திருக்காதீர்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.

2. வீட்டில் தினமும் கவனிக்க வேண்டியவை

சாப்பாடு: மல்லாக்கப் படுக்க வைத்து ஊட்டாதீர்கள். சாப்பாடு மூச்சுக் குழாய்க்குள் போய்ச் சளிக்காய்ச்சல் வரும். நிமிர்ந்து உட்கார வைத்து, தலை பின்னால் சாயாமல் பிடித்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். ஒரு வாயை விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய். சாப்பிட்டு முடிந்ததும் உடனே படுக்க வைக்க வேண்டாம்.

படுக்கை: தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வையுங்கள். இடுப்பு, குதிகால், முதுகெலும்பு உள்ள இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்த இடம் அப்படியே இருந்தால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். பாரம் படாமல் வைத்து, மருந்துக்கார ஐயாவிடம் காட்டுங்கள். எங்கள் மலைநாட்டு ஈரத்தில் பாய் காய்வது கஷ்டம். நனைந்த துணியை உடனே மாற்றுங்கள்.

வலிப்பு: கையில் இரும்பு, சாவி கொடுக்க வேண்டாம். வாய்க்குள் கரண்டியோ துணியோ வைக்க வேண்டாம். தண்ணீர் ஊற்ற வேண்டாம். அடுப்புக்குக் கிட்டே இருந்தால் நகர்த்தி, தலைக்குக் கீழே துணி வைத்து, ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனாலோ, மறுபடி மறுபடி வந்தாலோ, முதல் தடவையாக வந்தாலோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசம். வலிப்பு நின்றுவிட்டது என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பேச்சு: பேசாத பிள்ளைக்குக் கேட்காது, விளங்காது என்று நினைப்பது பெரிய பிழை. அவன் முன்னால் "இவன் இருந்து என்ன பிரயோசனம்" என்று சொல்லாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பகலில் இஸ்தோப்பில் உட்கார வையுங்கள். போகிறவர் வருகிறவரைப் பார்க்கட்டும்.

3. பார்க்கிறவரை யார் பார்ப்பது?

அந்தத் தாய் விடிய நாலரைக்கு எழும்புவார். ரொட்டி சுட்டு, பையனைக் கழுவி, பிரட்டுக்கு ஓட வேண்டும். பகல் கொழுந்து நிறுத்தும்போது ஒருமுறை ஓடிவந்து பார்ப்பார். பிந்தினால் அரைப்பேர். இரவில் பையன் அழுதால் தூக்கமும் இல்லை. பையன் வளர வளரத் தூக்கித் தூக்கி அவருக்கு இடுப்பு வலி. இதற்குத்தான் மூத்த மகளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்தினார். இப்போது கஷ்டப்படும் பிள்ளை ஒன்றல்ல, இரண்டு.

5 வயது முதல் 16 வயது வரை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்பது 2016 முதல் சட்டம். அந்தத் தாயிடம் சட்டத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்தால் பையனை யார் பார்ப்பது? ஆகவே லயத்தில் கூடிப் பேசினோம். தகப்பன் விடியற்காலை வேலையை எடுத்துக்கொண்டார். கழுவுவதும் ஊட்டுவதும் அவர் பொறுப்பு. "ஆம்பள செய்யிற வேலையா" என்று சிலர் சிரித்தார்கள். ஒரு மாதத்தில் சிரிப்பு நின்றது. வேலையில் இருந்து நின்ற இரண்டு பாட்டிமார் பகலில் முறை வைத்துப் பார்க்கிறார்கள். தோட்டத்துத் தச்சு பாஸ், பக்கமும் முன்னும் பலகை வைத்து ஒரு நாற்காலி செய்து கொடுத்தார். மகள் பள்ளிக்கூடம் போகிறாள்.

பையன் நடக்கவில்லை. நடப்பான் என்று நாங்கள் சொல்லவும் இல்லை. ஆனால் இஸ்தோப்பில் உட்கார்ந்து, கொழுந்துக் கூடையோடு அம்மா வருவதைக் கண்டால் கத்திச் சிரிக்கிறான்.

4. எங்கே போவது, என்ன கேட்பது?

வைத்தியம்: முதலில் தோட்ட மருந்துச்சாலை. அங்கிருந்து துண்டு எழுதி வாங்கி அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகலாம். சிறுபிள்ளைகளுக்குப் பேராதனையில் விசேட வைத்தியசாலை உண்டு. பெரியவர்களின் புனர்வாழ்வுச் சிகிச்சைக்கு திகன, றாகம ஆகிய இடங்களில் வைத்தியசாலைகள் உண்டு. தசைப் பயிற்சியை வீட்டில் எப்படிச் செய்வது என்று அங்கேயே செய்து காட்டச் சொல்லிப் பழகிக்கொண்டு வாருங்கள்.

மாதக் கொடுப்பனவு: வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிக் குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுப்பனவு கொடுக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் இதை 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாகக் கூட்டுவதாக அறிவித்தார்கள். கிராம உத்தியோகத்தரைக் கண்டு, பிறகு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், வைத்தியர் கொடுத்த சான்று, பெற்றோரின் அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். பணம் உடனே கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். பெயர் பட்டியலில் ஏறினால்தான் முறை வரும். சொன்ன குடும்பம் இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறது. கொடுத்த கடிதத்தின் பிரதியும் திகதியும் உங்களிடம் இருக்கட்டும்.

உபகரணம்: சக்கர நாற்காலி, ஊன்றுகோல், காது கேட்கும் கருவி, வீட்டுத் திருத்தம், சுயதொழில் ஆகியவற்றுக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகத்தின் உதவியையும் அதே உத்தியோகத்தர் மூலம் கேட்கலாம்.

படிப்பு: 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டப்படி, மாற்றுத்திறன் என்பதைக் காட்டிப் பள்ளிக்கூடத்திலோ வேலையிலோ ஒருவரை ஒதுக்க முடியாது. அதிபர் மறுத்தால் வலயக் கல்விக் காரியாலயத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைக் காணுங்கள்.

மொழி: "சிங்களம் தெரியாது, காரியாலயத்துக்குப் போக வெட்கம்" என்று பலர் சொல்கிறார்கள். தமிழில் எழுதிக் கொடுத்து, தமிழில் பதில் கேட்பதற்கு 1988 இல் அரசியலமைப்புக்குச் செய்த 16 ஆம் திருத்தம் உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமையைக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். தனியாகப் போகப் பயம் என்றால் எங்களைக் கூப்பிடுங்கள், கூட வருகிறோம்.

மாதர் சங்கத்தில் கூடிப் பேச:

1. எங்கள் லயத்தில் வெளியே வராமல் இருப்பவர் யாராவது உண்டா? அவரைக் கடைசியாக எப்போது பார்த்தோம்?
2. அவரைப் பார்க்கிறவருக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்க நம்மில் யாரால் முடியும்?
3. அந்த வீட்டில் பள்ளிக்கூடம் நின்ற பிள்ளை உண்டா?
4. தண்ணீர்ப் பீலிக்கும் கக்கூசுக்கும் போகும் படியில் ஒரு கைப்பிடி போட என்ன வேண்டும்?

அடுத்த கணக்கெடுப்புக்கு அந்த லயத்துக்குப் போனபோது, நாங்கள் கேட்கும் முன்னமே அந்தத் தாய் சொன்னார்: "மூணு பிள்ளைங்க ஐயா. எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டோம். உங்கள் வீட்டிலும் எழுதாமல் விட்ட பெயர் இருந்தால் சொல்லுங்கள். இனி நாங்கள் வாசலோடு திரும்ப மாட்டோம்.