முதுகை யார் கையில் ஒப்படைப்பது?



முதுகுவலி எட்டிப்பார்க்காத வீடு இல்லை. கோபாலபுரத்திலிருந்து மயிலாப்பூர் வரை நடந்தால் வலி தீர்ப்பதாகச் சொல்லும் பலகைகள் பல கண்ணில் படும். புத்தூர் கட்டும் பிசியோதெரபியும் நமக்குப் பழக்கமானவை. கைரோபிராக்டிக் புதிது. அதை நாடுமுன் அறிய வேண்டியவற்றை இங்கே பார்ப்போம்.

இது என்ன?

1895-ல் அமெரிக்காவின் டாவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பாமர் தொடங்கிய முறை இது. முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் சட்டென அழுத்தி அசைப்பார்கள். அப்போது எழும் 'டக்' என்ற ஓசை, விலகிய எலும்பு இடம் சேர்ந்ததற்கு அடையாளம் அல்ல. மூட்டுத் திரவத்திலுள்ள வாயுவினால் எழுவது.

நாள்பட்ட இடுப்புவலியில் சிலருக்கு இது ஓரளவு சுகம் தருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டியில் உடற்பயிற்சியோடு இதற்கும் இடம் உண்டு. ஆனால் சர்க்கரையோ ஆஸ்துமாவோ இதனால் தீரும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

ஏன் விசாரிக்க வேண்டும்?

டாக்டர்களுக்கு மருத்துவக் கவுன்சில் பதிவு உண்டு. பிசியோதெரபிக்கு 2021-ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. கைரோபிராக்டர்களுக்கென்று இந்தியாவில் தனிக் கவுன்சில் இல்லை. ஆகையால் விசாரிக்கும் பொறுப்பு நம்முடையது.

கேட்க வேண்டியவை

1. எங்கே, எத்தனை ஆண்டு படித்தார்? உலக சுகாதார நிறுவனம் 2005-ல் வகுத்த அளவு நான்கு ஆண்டு முழுநேரப் படிப்பு, 4,200 மணி நேரம். சில வார வகுப்பு இதற்கு ஈடாகாது.

2. கை வைக்குமுன் நோய் விவரம் முழுவதும் கேட்டுப் பரிசோதிக்கிறாரா?

3. பல மாதச் சிகிச்சைக்கு முன்பணம் கேட்கிறாரா? கேட்டால் எச்சரிக்கையாயிருங்கள்.

4. டாக்டர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்கிறாரா? அப்படியானால் எழுந்து வந்துவிடுங்கள்.

5. கழுத்தைச் சட்டெனத் திருப்புவாரா? அரிதாக, மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும். "கழுத்து வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

முதலில் டாக்டரிடம் போக வேண்டியவர்கள்

மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் கூடும் வலி, கால் பலவீனம், கீழே விழுந்த அடி, முன்பு புற்றுநோய், எலும்புத் தேய்மானமுள்ள முதுமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் முதுகில் யாரையும் அழுத்த விடாதீர்கள். சிறுநீர் கட்டுப்பட்டாலோ தானாகப் போனாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் இன்னும் உண்டு. அரித்துப்போன எலும்பை அழுத்தினால் தண்டுவடம் நசுங்கிக் கால்கள் செயலிழக்கலாம். அதே நோயாளியை உரிய காலத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் மாத்திரைகளாலேயே குணமாக்கலாம். சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுகள் இதைக் காட்டின. கோபாலபுரத்தாருக்கு இராயப்பேட்டை அரசு மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது.

"இது என் கைக்கு அடங்காது, டாக்டரைப் பாருங்கள்" என்று தயங்காமல் சொல்பவரே நம்பத்தக்கவர். இப்பக்கத்தை வெட்டி வைத்து, உங்கள் சபையின் முதியோருக்கு வாசித்துக் காட்டுங்கள்.